தனியாகக் கோலாலம்பூர், பினாங்கு: குறைந்த செலவில் தங்க இடம் எப்படிப் பார்ப்பது?

செக்காலைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். மாசி மாதம் மலேசியா போகிறேன், தனியாக. திருச்சியில் இருந்து கோலாலம்பூருக்கு டிக்கெட் போட்டாச்சு. இங்கே இரவு 11 மணி வாக்கில் கிளம்பி அங்கே விடியற்காலை ஐந்தரைக்கு இறங்குகிறது. கோலாலம்பூரில் கொஞ்சம், மீதி பினாங்கில், மொத்தம் ஒரு வாரம். விசா தொல்லை இல்லை, லீவு கிடைத்துவிட்டது, அப்பச்சியையும் சரிக்கட்டியாச்சு. ஆத்தாதான் இன்னும் மசியவில்லை. "பொம்பளைப் பிள்ளை தனியாப் போய் எங்கே தங்குவே?" என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை.

ஒரு இரவுக்கு 1,500 ரூபாய் வரை தரலாம் என்று வைத்திருக்கிறேன். ஆப்பைத் திறந்தால் 700 ரூபாய்க்கும் இருக்கிறது, 7,000 ரூபாய்க்கும் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் எட்டுக்கு மேல் மார்க், எல்லாப் படமும் பளபளவென்று இருக்கிறது, எதை நம்புவது என்று தெரியவில்லை. ஹாஸ்டலில் எட்டுப் பேர் அறையில் ஒரு கட்டிலா, சின்ன ஓட்டலில் தனி அறையா, இல்லை யாராவது வாடகைக்கு விடும் பிளாட்டா? பினாங்கில் லிட்டில் இந்தியா பக்கம் தங்கினால் நம் சாப்பாடு கிடைக்கும் என்கிறார்கள், லெபு சூலியா தெருப் பக்கம்தான் மலிவு என்கிறார்கள், மேப்பில் பார்த்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. சொகுசு ஒன்றும் வேண்டாம். உருப்படியான தாழ்ப்பாள், சுத்தமான பாத்ரூம், பயமில்லாமல் தூங்க ஒரு இடம், அது போதும். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டையூர் அக்கா

தங்கச்சி, விலையைப் பார்த்து இடம் தேடாதே. முதலில் எந்த நேரத்தில் எங்கே இறங்குகிறாய் என்று பார், அங்கிருந்து தேடு. 700 ரூபாய்க்குக் கட்டில் கிடைத்தது என்று ஊருக்கு வெளியே போட்டுவிட்டு, தினமும் கிராப் டாக்சிக்குக் காசு கொடுத்தால் என்ன மிச்சம்? கோலாலம்பூர் விமான நிலையமே ஊரில் இருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு 55 ரிங்கிட், அதாவது நம் காசுக்கு ஆயிரத்தைத் தாண்டிவிடும். பஸ்ஸில் போனால் அதைவிட ரொம்பக் குறைவு. இரண்டும் ஊருக்குள் இருக்கும் கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷன் வந்துதான் நிற்கும், அதனால் அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸைப் பார், இல்லாவிட்டால் ஒரே ரயிலில் போகக்கூடிய பசார் செனி, பெட்டாலிங் தெருப் பக்கம் பார். பிரிக்ஃபீல்ட்ஸ் நம் ஆட்கள் இருக்கும் இடம், இட்லி தோசைக்குப் பஞ்சமில்லை. பெட்டாலிங் தெரு சைனா டவுன், ஹாஸ்டல்கள் அங்கேதான் அதிகம்.

அப்புறம் மார்க். 8.4, 8.7 என்பதை வைத்து ஒன்றும் முடிவு பண்ண முடியாது. விமர்சனங்களைப் புதியவை முதலில் வருகிற மாதிரி வரிசைப்படுத்திக்கொள், தனியாகப் பயணம் செய்தவர்கள் எழுதியதை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி இருந்தால் அதையும் போட்டுக்கொள், பிறகு குறைந்த மார்க் போட்டவர்கள் எழுதியதை மட்டும் படி. "வரவேற்பில் சிரிக்கவில்லை", "காலை உணவு சுமார்" என்று எழுதியிருந்தால் கவலையே வேண்டாம், அதைவிடப் பெரிய குறை அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். மூட்டைப்பூச்சி, பாத்ரூம் கதவு சாத்தவில்லை, இரவில் கவுண்டரில் ஆள் இல்லை, இந்த மூன்றில் எதையாவது ஒன்றை வேறு வேறு ஆட்கள் எழுதியிருந்தால் அந்தப் பக்கமே போகாதே.

தனி அறையா கட்டிலா என்று கேட்டாய். உன் பட்ஜெட்டுக்கு இரண்டுமே கிடைக்கும், ஆனால் அந்த விலையில் வரும் தனி அறைக்கு முக்கால்வாசி ஜன்னல் இருக்காது. படத்தில் சுவர் முழுக்கத் திரை தொங்கும், பின்னால் வெறும் சுவர்தான். அறை விவரத்தில் ஜன்னல் என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பார், இல்லை என்றால் ஜன்னலும் இல்லை என்றே வைத்துக்கொள். அந்த மாதிரி பெட்டிக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு படுப்பதற்குப் பெண்கள் மட்டும் இருக்கும் டார்மிட்டரி எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. கட்டிலுக்குத் திரை, தலைமாட்டில் விளக்கு, பிளக், கீழே பூட்டும் பெட்டி, தளத்துக்குள் நுழையக் கார்டு, இவ்வளவும் இருக்கிறதா என்று பார்த்து எடு. கீழ்க்கட்டில் வேண்டும் என்று முன்கூட்டியே மெசேஜ் போட்டுக் கேள், பெரும்பாலும் தருவார்கள்.

பூட்டு நீதான் கொண்டுபோக வேண்டும். நம் வீட்டில் கிடக்கிற திண்டுக்கல் பூட்டை எடுத்துப் போகாதே, அந்தப் பெட்டிக் கொண்டியில் அது நுழையவே நுழையாது. கம்பி மெல்லிசாக இருக்கிற சின்ன நம்பர் பூட்டு வாங்கிக்கொள்.

வெளிநாட்டுக்காரர்களிடம் ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. ஆப்பில் காட்டும் விலையில் சில சமயம் இது சேர்ந்திருக்காது, கவுண்டரில் கேட்பார்கள். இரண்டு பேர் என்றால் பகிர்ந்துகொள்ளலாம், தனி ஆள் தனி அறை எடுத்தால் முழுசும் உன் தலையில். ஒரு வாரத்துக்குக் கணக்குப் போட்டுப் பார், ஒரு இரவு வாடகை வந்துவிடும்.

பள்ளத்தூர் பெரியவர்

எதற்கு ஆத்தா இவ்வளவு ஆராய்ச்சி? அந்தக் காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பண்ண, போன நம் நகரத்தார் யாராவது ரூம் போட்டார்களா? பினாங்கு வீதியில் செட்டியார்கள் தொழில் நடத்திய கிட்டங்கியில் கடையை நடத்தும் மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் ஒரே கூடத்தில் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பாயை விரித்துப் படுத்தார்கள். இன்றைக்கு அதற்கே டார்மிட்டரி என்று பேர் வைத்துத் திரையும் மாட்டிக் காசு வாங்குகிறான். காசியில், பழனியில் நகரத்தார் விடுதி இருக்கிற மாதிரி அங்கேயும் கோவில் பக்கம் விசாரித்துப் பாருங்கள். பினாங்கில் தண்ணீர்மலையில் இருக்கும் நம் நகரத்தார் கோவிலுக்குப் போய் நம் ஊர்ப் பேரைச் சொன்னால் வழி காட்டாமலா போய்விடுவார்கள்? சொந்தக்காரர் யாராவது அங்கே இருந்தால் அதைவிடப் பத்திரம் வேறு இல்லை. உங்கள் ஆத்தா சம்மதிக்கவும் அதுதான் சுலபமான வழி.

புதுவயல் தம்பி

பெரியவர் சொல்வதில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கோவிலை நம்பி யாரும் விமானம் ஏற வேண்டாம். காசி விடுதி யாத்திரை போகிறவர்களுக்காக நம் ஆட்கள் கட்டி வைத்தது, அதே எதிர்பார்ப்போடு பினாங்கில் போய் நிற்க முடியாது. மலேசியாவுக்குள் நுழையும் முன்னால் நிரப்புகிற டிஜிட்டல் வருகை அட்டையிலேயே தங்கும் முகவரி கேட்கிறார்கள், அதில் என்னத்தை எழுதுவது? போய் இறங்கிய பிறகு கோவிலுக்குப் போங்கள், கும்பிடுங்கள், 1857-இல் கட்டிய கோவில், நம் வீட்டு வளவுக்குள் போன மாதிரியே இருக்கும். சொந்தக்காரர் வீடும் அப்படித்தான். ஒரு நாள் விருந்துக்கு நல்லது, அதற்கு மேல் அவர்கள் கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போக வேண்டும், பிறகு எங்கே ஊர் பார்ப்பது?

பினாங்கில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன் என்பதால் அந்தப் பக்கம் மட்டும் சொல்கிறேன். செக்காலை அக்கா, லிட்டில் இந்தியாவும் லெபு சூலியாவும் மேப்பில் ஒட்டிக்கொண்டு இருப்பது சரிதான், ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் இரண்டும் வேறு வேறு ஊர். லெபு சூலியாவின் மேல்கோடியும் லவ் லேனும் பார் இருக்கும் பகுதி, வாரக் கடைசியில் நடுநிசி தாண்டியும் பாட்டு ஓயாது. அங்கே இருக்கிற மலிவு விடுதிகள் பலவும் பழைய கடைவீடுகள், மரத்தளம், மேல்மாடியில் யார் நடந்தாலும் கீழே கேட்கும், தெருச் சத்தம் நேராகக் கட்டிலுக்கு வரும். லிட்டில் இந்தியாவில், லெபு பாசார், லெபு குயீன் பக்கம் கடைகளை அடைத்ததும் அடங்கிவிடும், மகா மாரியம்மன் கோவிலும் அங்கேதான். என்னைக் கேட்டால் இரண்டுக்கும் நடுவில், கபித்தான் கெலிங் பள்ளிவாசலைச் சுற்றி எடுங்கள். சாப்பாடு, பஸ், கடல் எல்லாமே நடை. ஊருக்குள் சுற்ற இலவச பஸ்ஸும் ஓடுகிறது.

கோலாலம்பூரில் இருந்து வரும்போது பஸ் எங்கே நிற்கும் என்று டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். தீவுக்குள் வரும் பஸ்கள் சுங்கை நிபோங்கில் இறக்கிவிடும், அங்கிருந்து இந்தத் தெருக்கள் எல்லாம் இருக்கும் ஜார்ஜ் டவுனுக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் இறங்கினால் ஸ்டேஷனை ஒட்டியே படகுத்துறை, சில்லறைக் காசில் பெரி, இறங்கிய இடத்தில் இருந்து நீங்கள் எடுக்கும் விடுதிக்கு நடந்தே போகலாம்.

பிளாட் வாடகை தனியாக வருகிறவர்களுக்குச் சரிப்படாது. சாவி ஒரு பெட்டிக்குள் இருக்கும், நம்பர் அனுப்புவார்கள், ராத்திரி குழாய் உடைந்தாலும் கதவு திறக்கவில்லை என்றாலும் கேட்க ஆள் கிடையாது. துப்புரவுக் கட்டணம் என்று வேறு போடுவார்கள், இரண்டு நாளைக்கு அது கட்டுப்படியாகாது. சிங்கப்பூரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை இருந்தால் அங்கே பிளாட் பேச்சே வேண்டாம், தனியார் வீடுகளை 3 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம்.

தைப்பூசத்துக்கு மட்டும் போய்விடாதீர்கள் என்று எழுத வந்தேன், மாசி என்று போட்டிருக்கிறீர்கள், தப்பித்தீர்கள். நகரத்தாரின் கோவில் வீட்டில் இருந்து வெள்ளி ரதம் கிளம்புகிற நாளில் கட்டில்கூட மிஞ்சாது. ஆனால் சீனப் புத்தாண்டு சில வருஷம் மாசியில் வரும், தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

செக்காலைக்காரி

எல்லோருக்கும் நன்றி. பெரியவரே, கிட்டங்கிக் கதையை அப்படியே ஆத்தாவிடம் படித்துக் காட்டினேன், சிரித்தார்கள், பாதி வேலை முடிந்தது. பெண்கள் டார்மிட்டரி என்றே முடிவு பண்ணிவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். விடியற்காலை ஐந்தரைக்கு இறங்கி எட்டு மணிக்குள் ஊருக்குள் வந்துவிடுவேன், ஆனால் எல்லா இடத்திலும் செக்-இன் மதியம் இரண்டு அல்லது மூன்று மணி என்று போட்டிருக்கிறது. முதல் நாள் இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டுமா? இரண்டாவது, மூட்டைப்பூச்சி. போன பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது?

கோட்டையூர் அக்கா

கட்டாதே, அது வீண் செலவு. இரவு முழுக்கக் கவுண்டரில் ஆள் இருக்கிற இடமாக எடுத்து, எத்தனை மணிக்கு வருவாய் என்று மெசேஜ் போட்டுவிடு. பையை வாங்கி வைத்துக்கொள்வார்கள், பல ஹாஸ்டல்களில் பொதுக் குளியலறையும் இருக்கும், குளித்துவிட்டு ரொட்டி சானாய், தே தாரிக் என்று பசியாறிவிட்டுக் கிளம்பிவிடலாம். கட்டில் காலியாக இருந்தால் பதினொரு மணிக்கே தந்துவிடுகிற இடங்களும் உண்டு, கேட்டுப் பார்.

ஆனால் தேதியில் கவனமாக இரு. 20-ஆம் தேதி இரவு திருச்சியில் ஏறினால் இறங்குவது 21-ஆம் தேதி, அறை 21-இல் இருந்துதான் வேண்டும். டிக்கெட்டில் முதலில் தெரியும் 20-ஐப் பார்த்தே பலர் போட்டுவிடுகிறார்கள். 20 அன்று நீ வராவிட்டால் மொத்த புக்கிங்கையும் ரத்து பண்ணிக் கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். திரும்பும் விமானம் நள்ளிரவைத் தாண்டிக் கிளம்புகிறதா என்றும் பார், அங்கே இதே கதை தலைகீழாக வரும்.

முதல் இரண்டு இரவுக்கு மட்டும் இலவசமாக ரத்து செய்யக்கூடியதாகப் போடு. இடம் பிடித்திருந்தால் மீதியைக் கவுண்டரிலேயே கேள், ஆப் விலைக்கோ அதற்குக் குறைத்தோ தருவார்கள். கார்டு தேய்க்கும்போது மிஷின் ரூபாயா ரிங்கிட்டா என்று கேட்டால் ரிங்கிட் என்று அமுக்கு, ரூபாய் என்றால் மாற்று விலையில் கை வைத்துவிடுவார்கள். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் இங்கேயே திறந்துவிடு, புதுக் கார்டில் அது மூடித்தான் வரும். சில இடங்களில் சாவிக்கு முன்பணம் ரொக்கமாகக் கேட்பார்கள், கொஞ்சம் ரிங்கிட் கையில் இருக்கட்டும்.

மூட்டைப்பூச்சிக்கு, பையைக் கட்டில் மேல் வைக்கும் முன்னால் மெத்தை விரிப்பை ஒரு மூலையில் தூக்கு. மெத்தை ஓரத் தையலைப் போன் வெளிச்சத்தில் விரலால் பிரித்துப் பார், தலைமாட்டுப் பக்கம் மரச்சட்டம் சேருகிற இடுக்கையும் பார். பேனா மை தெறித்த மாதிரி சின்னக் கறுப்புப் புள்ளிகள், காய்ந்த ரத்தக் கறை, மெல்லிசாக உரிந்த தோல், இதில் எது இருந்தாலும் உட்காராதே, அப்படியே கீழே போய் வேறு அறை கேள், பக்கத்துக் கட்டில் வேண்டாம். தரவில்லை என்றால் போட்டோ எடுத்துக்கொண்டு ஆப் வழியாகப் பணத்தைத் திருப்பிக் கேள்.

புதுவயல் தம்பி

ஒன்று விட்டுப்போச்சு. அந்த வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள்தான் நிரப்ப முடியும், கட்டணம் கிடையாது, காசு கேட்கிற தளம் எல்லாம் போலி. முதல் விடுதியின் முகவரியைப் போட்டால் போதும். அந்த புக்கிங்கையும் திரும்பும் டிக்கெட்டையும் தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, திருச்சி கவுண்டரிலேயே கேட்கலாம், போனில் சார்ஜ் இல்லை என்றால் அங்கே நின்று முழிக்க வேண்டியிருக்கும்.