கோல்டன் ரெட்ரீவருக்கு மொட்டை போடலாமா?

மதுரையிலிருந்து கேட்கிறேன். எங்கள் பிரௌனிக்கு வயது நான்கு, கோல்டன் ரெட்ரீவர். பங்குனியிலிருந்து வீடெங்கும் முடி, நேற்று தயிரிலும் இருந்தது. அக்கினி நட்சத்திரத்துக்கு முன் முழுசாக மழித்துவிடச் சொல்கிறார் மாமனார். செய்யலாமா?

பதில் 1:
வேண்டாங்க. இந்த இனத்துக்கு முடி இரண்டு அடுக்கு. உள்ளே பஞ்சு போல மென்முடி, மேலே நீளமான முடி. வெயில் நேராகத் தோலில் படாமல் தடுப்பது அந்த மேல்முடிதான். மழித்தால் தோல் வெந்துபோகலாம். சில நாய்களுக்குத் திரும்பத் திட்டுத்திட்டாகத்தான் வளரும். உதிர்ந்து சிக்கி நிற்கும் உள்முடியை எடுத்தாலே போதும், காற்று உள்ளே போகும். தினமும் ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிப் பற்கள் உள்ள பிரஷ்), அப்புறம் அகலப் பல் சீப்பு. காதுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும் பாருங்கள், சிக்கு அங்கேதான் ஒளிந்திருக்கும். குளிப்பாட்டும் முன்பே அதை எடுத்துவிடுங்கள், நனைந்தால் இறுகிவிடும். நாம் தலைக்குப் போடும் ஷாம்பு நாய்க்கு ஆகாது.

பதில் 2:
பாத விரல்களுக்கு நடுவில் வளரும் முடியை மட்டும் கத்தரிக்கலாம். மாமனாரிடம் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள், வேலை முடிந்தது!

கேட்டவர்:
சரி, மழிக்கவில்லை. ஐப்பசி மழையில் என்ன செய்வது?

பதில் 1:
ஈரத்தோடு விடாதீர்கள், அடிமுடிவரை துவட்டுங்கள். இல்லாவிட்டால் தோலில் புண் வரும். காதுமடல், விரலிடுக்கில் உண்ணி தேடுங்கள். உண்ணி கடித்து நாய்க்கு வரும் காய்ச்சல் உயிருக்கே ஆபத்து. வீட்டில் பூனை உண்டா? இருந்தால் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்து வேண்டாம், பூனைக்கு அது விஷம்.