காட்டு நில அளவை: கடைசிக் கோடு தொடங்கிய புள்ளியில் வந்து சேரவில்லை, பிழை எங்கே?

கேள்வி

காட்டு நிலத்தை அளந்து வரைபடமாக்கும் வேலையை அடிப்படையிலிருந்து கற்றுக்கொண்டு வருகிறேன். திசைகாட்டி, 30 மீட்டர் நாடா, குறிப்பேடு ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு காட்டுத்துண்டின் எல்லையை 15 கோடுகளாகச் சுற்றி அளந்தேன். மொத்தச் சுற்றளவு ஏறத்தாழ 1,500 மீட்டர். மேற்கு ஓரத்தில் வடக்கு நோக்கி ஏறும் 100 மீட்டர் கோடுகள் இரண்டும் மூச்சு வாங்கும் அளவுக்குச் சரிவானவை. மற்ற கோடுகள் மெல்ல இறங்கும் நிலத்தில் போகின்றன. தாளில் வரைந்தபோது கடைசிக் கோடு தொடங்கிய புள்ளிக்கு வராமல் 14 மீட்டர் தள்ளி நின்றது. மறுபடி வரைந்து பார்த்தும் அதே இடைவெளிதான். தவறு எங்கே நேர்ந்திருக்கும்? பேசாமல் கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸை வைத்தே அளந்துவிடலாமா?

பதில் 1

சரிவில் நாடாவைத் தரையோடு தரையாக இழுத்துப் பிடித்து அளந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வரைபடத்துக்கு வேண்டியது கிடைத்தூரம், அதாவது மேலிருந்து பார்த்தால் தெரியும் மட்டமான தூரம். உங்கள் கையில் இருப்பது சரிவுத்தூரம். சரிவு 20 பாகை என்று வைத்துக்கொண்டால் அதன் கொசைன் 0.94, தரையில் 100 மீட்டராக அளந்தது வரைபடத்தில் 94 மீட்டர்தான். இரண்டு கோடுகளிலும் சேர்த்து 12 மீட்டர் வடக்கே அதிகமாகப் போயிருக்கிறீர்கள். மெல்லிய சரிவு இவ்வளவு கெடுப்பதில்லை. 4 பாகையில் 100 மீட்டருக்கு 25 சென்டிமீட்டர்கூட வராது.

ஒருவகையில் உங்களுக்கு நல்ல நிலம் வாய்த்திருக்கிறது. ஏறிய பக்கமும் இறங்கிய பக்கமும் ஒரே சரிவாக இருந்திருந்தால் இரு பிழைகளும் ஒன்றையொன்று மறைத்து, கோடு அழகாக மூடியிருக்கும். பரப்பளவு மட்டும் கூடுதலாக வந்து, அது உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆகவே ஒவ்வொரு கோட்டுக்கும் சாய்வுமானியால் சரிவுக்கோணத்தைப் பார்த்து, தூரத்துக்குப் பக்கத்திலேயே எழுதும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கொள்ளுங்கள். சாய்வுமானி கிடைக்காத நாளில் நாடாவைக் கிடையாகப் பிடித்து, உயர்ந்து நிற்கும் முனையிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஐந்து ஐந்து மீட்டராகப் படிபோல் அளக்கலாம்.

பதில் 2

சரிவுக் கணக்கோடு நான் உடன்படுகிறேன். ஆனால் 12 மீட்டரை நீக்கினாலும் ஏதோ மிஞ்சும் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் முன்நோக்குத் திசைக்கோணத்தை (தொடக்க முனையிலிருந்து பார்க்கும்போது திசைகாட்டி வடக்கிலிருந்து காட்டும் கோணத்தை) மட்டும் எடுத்தீர்களா, மறுமுனையிலிருந்து திரும்பிப் பார்த்துப் பின்நோக்குக் கோணத்தையும் எடுத்தீர்களா? இரண்டுக்கும் 180 பாகை வேறுபாடு இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் ஒரு முனையில் ஊசியை இரும்பு ஏதோ இழுத்திருக்கிறது. கம்பிவேலி, இடுப்பில் செருகிய அரிவாள், பாறையில் உள்ள இரும்புத்தாது என எதுவாகவும் இருக்கலாம்.

காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள விலக்கம் இதற்குக் காரணமாகாது. அது படம் முழுவதையும் ஒரே அளவுக்குத் திருப்புமே தவிர, கோடு மூடுவதையோ பரப்பளவையோ பாதிக்காது. வேறொரு வரைபடத்தின் மீது உங்கள் படத்தைப் பொருத்தும்போதுதான் அதைக் கவனிக்க வேண்டும்.

பதில் 3

கைப்பேசியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அடர்ந்த மர விதானத்தின் கீழ் செயற்கைக்கோள் சமிக்ஞை இலையிலும் அடிமரத்திலும் பட்டுச் சிதறி வருவதால், நின்ற இடத்திலேயே நின்றாலும் புள்ளி பத்து மீட்டர், சில வேளைகளில் அதற்கும் மேல் அலையும். அந்த அலைச்சலை வைத்துக்கொண்டு 80 மீட்டர் கோட்டை அளப்பது பொருந்தாது. மாறாக, வானம் திறந்திருக்கும் இரண்டு இடங்களில் சில நிமிடம் நின்று சராசரி எடுத்து, நாடாவும் திசைகாட்டியும் தந்த உருவத்தை அந்த இரண்டு புள்ளிகளோடு கட்டிவிடுங்கள்.

கணினியில் கியூஜிஐஎஸ் போன்ற வரைபட மென்பொருளில் ஏற்றும்போது ஆள்கூற்று முறையை, அதாவது இடங்களை எண்களால் குறிக்கும் முறையை, தவறாமல் குறிப்பிடுங்கள். ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ் 84 என்னும் முறையில் அமைந்த அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைகள். பரப்பளவுக்கு மீட்டரில் அமைந்த யூடிஎம் போன்ற முறைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. யூடிஎம் உலகை 6 பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிப்பதால், உங்கள் நிலம் எந்த மண்டலத்தில் விழுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. இன்று மறுபடியும் போய்ப் பார்த்தேன். ஏறும் கோடுகளின் சரிவு 19 பாகையும் 21 பாகையுமாக இருந்தது. பின்நோக்குக் கோணத்தை நான் எடுக்கவே இல்லை. ஒன்பதாம் கோட்டுக்கு எதிரே, குறிப்பேட்டின் ஓரத்தில் 'வேலி' என்று மட்டும் எழுதியிருந்தேன். 80 மீட்டர் நீளமுள்ள அந்தக் கோட்டில் முன்நோக்கு 185 பாகை. இன்று மறுமுனையிலிருந்து பார்த்தால் பின்நோக்கு 0 பாகை. கம்பிவேலி, முன்நோக்குக் கோணத்தை எடுத்த முனைக்கு இரண்டடி தூரத்தில் இருக்கிறது. அந்த 5 பாகையே கோட்டின் முனையை 7 மீட்டர் பக்கவாட்டில் தள்ளியிருக்கிறது. இரண்டையும் திருத்தி வரைந்தபின் இடைவெளி 4 மீட்டராகக் குறைந்துவிட்டது. இந்த 4 மீட்டரை என்ன செய்வது?

பதில் 1

சுற்றளவில் 375இல் ஒரு பங்கு என்பது கைத்திசைகாட்டிக்கு நல்ல அளவைதான். அதைக் கோடுகளின் நீளத்துக்கேற்பப் பகிர்ந்துவிடலாம். 100 மீட்டர் கோட்டுக்குச் சுமார் 27 சென்டிமீட்டர் வரும். இதைப் பௌடிச் விதி என்பார்கள். காரணம் தெரிந்த பிழைகளைக் களைந்த பிறகே இப்படிப் பகிர வேண்டும். 14 மீட்டரை அப்படியே பகிர்ந்திருந்தால் சரியாக அளந்த கோடுகளும் கெட்டிருக்கும். திருத்திய எண்களைத் தனித் தாளில் எழுதுங்கள். குறிப்பேட்டில் உள்ள 185ஐ அழிக்காமல், அது படிக்கத் தெரியும்படி ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் இன்றைய தேதியையும் காரணத்தையும் எழுதிவையுங்கள்.