ரோஜா இலையை ராத்திரியில எது கடிக்குது?

செங்கோட்டையிலிருந்து கேள்வி:
சாரல் ஆரம்பிச்சதுல இருந்து மாடியில இருக்க பன்னீர் ரோஜா இலையெல்லாம் ஓட்டை ஓட்டையா கிடக்கு, பகல்ல எவ்வளவு தேடியும் ஒரு பூச்சியையும் காணோம், தளிரைக்கூட விட்டு வைக்கல. கடையில கேட்டா பெரிய மருந்தா எடுத்துக் குடுக்காங்க, வீட்டுல சின்னப்பிள்ளை இருக்கு, பூவை சாமிக்கும் வைக்கோம், அடிக்க மனசே வரல. வேற வழி இருக்கா?

புளியரை:
ராத்திரி 8 மணிக்கு மேல டார்ச் அடிச்சுப் பாருங்கக்கா. மழை விழுந்ததும் மண்ணுக்குள்ள இருந்து கிளம்புற பழுப்பு வண்டு அப்பதான் இலையில உக்காந்து மேயும், விடியறதுக்குள்ள திரும்பப் பதுங்கிரும். சோப்புத்தண்ணி வாளியை அடியில பிடிச்சுட்டு கிளையை உலுக்குங்க, பொத்துபொத்துனு விழும். அதோட புழு வெள்ளையா சுருண்டு மண்ணுல கிடந்து வேரைத் தின்னும், மக்காத சாணியிலதான் நிறைய வரும், நல்லா மக்குன எருவை மட்டும் போடுங்க.

ஆரியங்காவு:
இலைக்கு அடியிலயும் பாருங்க. குட்டிப்புழு கூட்டமா இருந்தா அந்த இலையைக் கிள்ளி எடுத்தாலே பாதி தீந்துரும். ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு சாயங்காலம் அடிங்க, அடிப்பக்கம் நல்லா நனையணும். சாரல் கழுவிட்டுப் போயிரும்லா, மழை விட்ட நேரம் பாத்து அடிக்கணும்.

தென்காசி:
ஓரத்துல கத்தரியால வெட்டுன மாதிரி அரைவட்டமா இருந்தா அது இலைவெட்டித் தேனீ. கூடு கட்டத்தான் எடுத்துட்டுப் போகும், தின்னாது. மகரந்தச் சேர்க்கைக்கு உதவுற பூச்சி, அதை தயவுசெஞ்சு ஒண்ணும் பண்ணாதீங்க.