லெவெடிராசெட்டம் கோபம்: மருந்து மாற்றியவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். வீட்டில் ஒருவருக்கு வலிப்புக்கு லெவெடிராசெட்டம், தினம் இரு வேளை. 500 மி.கி.யில் சிக்கல் இல்லை. 750 ஆக்கியதும் தட்டு வைக்கிற சத்தத்துக்கே சுள்ளென்று கோபம், பிறகு அழுகை. டோஸ் ஏற்றும்போது இது வரக்கூடியதுதான், குணக்கேடு அல்ல. முன்பே மனச்சோர்வு இருந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

இதே வகை வலிப்பு மருந்தான பிரிவாராசெட்டத்துக்கு மாறியவர்களுக்கு எத்தனை நாளில் கோபம் தணிந்தது? டாக்டர் ஒரே நாளில் மாற்றினாரா, படிப்படியாகவா? இந்தக் கோபத்துக்கு வைட்டமின் பி6 யாருக்காவது கேட்டதா, என்ன டோஸ்? (அளவு மீறி நாள்பட எடுத்தால் நரம்பு மரத்துப்போகும்.) டோபிராமேட் என்ற வேறு வலிப்பு மருந்து யோசனை வேண்டாம்; பேச்சில் வார்த்தை சிக்கலாம்.

"உடனே நிறுத்துங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். திடீரென விட்டால் தொடர்வலிப்பு வரலாம். தற்கொலை எண்ணம் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போவோம், அது தெரியும்.