ராயபுரம் குடும்பக் குழு: வியாழக்கிழமை ஆபரேஷன்

பாபு: அப்பாவுக்கு வியாழன் ஆபரேஷன் உறுதி. வலது கழுத்து ரத்தக்குழாய், 80% அடைப்பு. புதன் மாலையே அட்மிட். ரத்தம் கொடுக்க இரண்டு பேர் வேண்டும்.

சரோஜா அத்தை: முருகா 🙏

தீபன்: நான் ஒன்று

டில்லி சித்தப்பா: என்ன அவசரம்? கைதான் சரியாகிவிட்டதே. வேறு டாக்டரையும் பார்க்கலாம்.

கவிதா: சித்தப்பா, வலது கண்ணில் திரை விழுந்து, இடது கை மரத்து, பத்து நிமிடத்தில் சரியானதே, அதுதான் எச்சரிக்கை. அடுத்து பெரிய பக்கவாதம் வர வாய்ப்பு அதிகம் உள்ளதே முதல் சில நாட்கள்தான். அதனால் 14 நாளுக்குள் செய்யச் சொல்கிறார்கள்.

டில்லி சித்தப்பா: அடைப்பு வலது, கை இடதா?

கவிதா: வலது மூளைதான் இடது கையை ஆட்டுகிறது. கண் மட்டும் அதே பக்கம்.

பாபு: கொழுப்பை எடுத்த பிறகு குழாயை எப்படி மூடுவது என்று டாக்டர் மூன்று விதம் சொன்னார். பாதிதான் புரிந்தது. கவிதா, நீ ஆபரேஷன் தியேட்டரில் பார்க்கிறாயே, சொல்லு.

கவிதா: குழாயை நீளவாக்கில் கீறி, உள்ளே படிந்த கொழுப்பை உரித்தெடுப்பார்கள். அப்புறம் இரண்டு ஓரத்தையும் நேராகச் சேர்த்துத் தைக்கலாம். சீக்கிரம் முடியும். ஆனால் தையலுக்குப் போகிற அளவு குழாய் குறுகும், திரும்ப அடைக்கவும் வாய்ப்பு அதிகம். அதனால் கீறிய இடத்தில் ஒட்டு வைத்து அகலமாக்கித் தைப்பது இரண்டாவது. ஒட்டுக்குக் காலில் உள்ள ரத்தக்குழாய், டேக்ரான் என்ற செயற்கைத் துணி, இல்லை மாட்டு இதயத்தைச் சுற்றியுள்ள சவ்வு.

சரோஜா அத்தை: மாடா???

சரோஜா அத்தை: அண்ணன் சஷ்டி விரதம் இருப்பவர்

தீபன்: ஞாயிற்றுக்கிழமை பீஃப் சுக்கா கடையில் யாரைப் பார்த்தேன் தெரியுமா

தீபன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சரோஜா அத்தை: படித்துவிட்டேன்.

டில்லி சித்தப்பா: காலில் இருந்தே எடுக்கட்டும். சொந்த உடம்பு.

கவிதா: பைபாஸுக்கு இடது காலில் எடுத்தாயிற்று. வலது கால் மிச்சம், நாளைக்கு இதயத்துக்கே மறுபடி தேவைப்படலாம். கணுக்கால் பக்கம் எடுத்தால் மெல்லியது, கிழியும் என்று பயம். தொடையில் எடுத்தால் அங்கே ஒரு காயம், சர்க்கரை வேறு.

டில்லி சித்தப்பா: இடது காலா? எனக்கு யாரும் சொல்லவில்லையே

சரோஜா அத்தை: வந்திருந்தால் தெரிந்திருக்கும்

டில்லி சித்தப்பா: 2015 வெள்ளம் அக்கா. ஆவடியில் இருந்து எப்படி வருவது?

சரோஜா அத்தை: வெள்ளம் டிசம்பர். பைபாஸ் ஆகஸ்ட்.

பாபு: மூன்றாவது என்ன கவிதா

கவிதா: எவர்ஷன். மூளைக்குப் போகும் கிளையை அடியில் வெட்டி, சட்டைக் கையைப் புரட்டுவதுபோல் வெளிப்பக்கம் புரட்டி, கொழுப்பை உருவிவிட்டு, பழைய இடத்திலேயே இணைத்துத் தைப்பார்கள். ஒட்டே வேண்டாம். குழாய் நீண்டு வளைந்திருந்தால் நேராக்கவும் வசதி. ஆனால் கொழுப்பு வெகுதூரம் மேலே ஏறியிருந்தால் கஷ்டம்.

சரோஜா அத்தை: அதையே செய்யச் சொல்லு

கவிதா: திறந்து பார்த்துத்தான் முடிவெடுப்பார் அத்தை. ஒட்டும் இதுவும் பலனில் கிட்டத்தட்ட ஒன்றுதான், அவருக்கு எது கைவந்ததோ அதைச் செய்யட்டும். எனக்குப் படபடப்பு அதிலெல்லாம் இல்லை, கடைசி முடிச்சில்தான். அதற்கு முன் கொஞ்சம் ரத்தத்தை வெளியே விட்டு, காற்றையும் துகள்களையும் கழுவி எடுப்பார்கள். ரத்தம் வராமல் குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்பை எடுக்கும்போதும் முகத்துக்குப் போகும் கிளையைத்தான் முதலில் திறப்பார்கள். மிச்சம் ஏதாவது இருந்தால் மூளைக்குப் போகாமல் அங்கே போகட்டும் என்று.

தீபன்: முகத்துக்குப் போனால் பரவாயில்லையா

கவிதா: தாங்கும்

டில்லி சித்தப்பா: புதன் வரும்போது வண்ணாரப்பேட்டை வீட்டுப் பத்திர நகல் கொண்டு வருகிறேன். அண்ணன் ஒரு கையெழுத்து போட்டால் போதும்.

சரோஜா அத்தை: ஆபரேஷனுக்கு முந்தின நாளா டில்லி

பாபு: சித்தப்பா அது அப்புறம். மாட்டுச் சவ்வு வேண்டாம் என்றால் முன்னாடியே சொல்ல வேண்டுமாம். என்ன சொல்வது?

கவிதா: பெரியப்பாவைக் கேட்டாயா அண்ணா?

பாபு: கேட்டேன். "எதையாவது வைக்கட்டும், வஞ்சிரம் எப்போது சாப்பிடலாம்" என்கிறார்.

தீபன்: 😂 காசிமேடு நான் போகிறேன்

டில்லி சித்தப்பா: ரத்தம் நானும் தருகிறேன். புதன் வருவேன்.

சரோஜா அத்தை: பத்திரம் இல்லாமல் வா

பாபு: சரி, புதன் இரவு அப்பாவோடு யார் தங்குவது?

தீபன்: 👍

டில்லி சித்தப்பா: 👍

பாபு: 👍 என்றால் யார்?