எல்லாம் இடிந்த பிறகு எதை முதலில் பொறுக்குவது?

காயலான்:
உலகம் சரிந்தால் இடிபாடுகள் பக்கமே தலைவைக்காதே, விதையை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போ என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. எளிதில் தோண்டக்கூடிய தாதுவில் பெரும்பங்கை ஏற்கெனவே எடுத்துத் தீர்த்துவிட்டோம். இனி செத்துப்போன நகரம்தான் சுரங்கம். ரோமில் கொலோசியம் என்கிற பழைய அரங்கத்தின் சுவர் பொத்தல் பொத்தலாக இருக்கிறதே, ஏன்? கற்களைப் பிணைத்திருந்த இரும்புப் பிடிகளை இடைக்காலத்தில் குடைந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

தோட்டக்காரன்:
எழுதியவன் நான்தான். முதல் மூன்று மாதம் போகாதே என்றுதான் சொன்னேன், அதை விட்டுவிட்டீர்கள். துருப்பிடித்த தகரம் கிழித்துச் சீழ் வைத்தால் மருந்துக்கு எங்கே போவீர்கள்? இடிந்த கூரையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூள் வேறு. கொலோசியத்தைக் குடைந்தவர்கள் பேரரசு விழுந்து பல காலம் கழித்துச் சாவகாசமாகக் குடைந்தார்கள். வயிறு நிறைந்தவன் பார்க்கிற வேலை அது.

காயலான்:
மூன்று மாதம் காத்திருந்தால் பெட்ரோலும் பேட்டரியும் போச்சு!

தோட்டக்காரன்:
உடனே போய் எடுத்தாலும் போச்சுதான். கொட்டகையில் ஒரு பழைய கார் பேட்டரியை இரண்டு வருடம் சும்மா போட்டுவைத்திருந்தேன். மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்ட வேண்டியது 4 சொச்சம் காட்டியது. சார்ஜ் போட்டேன். சூடானதுதான் மிச்சம், தட்டெல்லாம் சல்பேட் படிந்து கிடந்தது. பெட்ரோலும் அப்படித்தான், ஒரு வருடம் போனால் பிசின் கட்டிவிடும். கெட்டுப்போகிற பொருளுக்காக உயிரைப் பணயம் வைக்கச் சொல்கிறீர்கள்.

துருத்தி:
பட்டறைக்காரன் நான், நடுவில் வருகிறேன். இருவரும் பேட்டரியை விடுங்கள். லாரி ஸ்பிரிங் பட்டையைப் பாருங்கள். கார்பன் உள்ள எஃகு, பத்து வருடம் மழையில் கிடந்தாலும் மேல்துருதான் பிடிக்கும். கரியும் துருத்தியும் போதும். காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேலே ஏற்றி எண்ணெயில் தோய்த்து, பிறகு இளஞ்சூட்டில் பதப்படுத்தினால் அரிவாள் தயார். கட்டடக் கம்பியில் இந்தக் கூர் நிற்காது, பெரும்பாலும் மென்மையான இரும்பு. இன்னொன்று, துத்தநாகம் பூசிய குழாயை உலையில் வைத்துவிடாதீர்கள். அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் தூக்கிப்போடும். பட்டுத் தெரிந்தது.

காயலான்:
அதைத்தானே நானும் சொன்னேன், இடிபாட்டுக்குப் போ என்று!

தோட்டக்காரன்:
இல்லை, நீங்கள் பெட்ரோல் என்றீர்கள். அவர் சொல்வது பத்து வருடம் காத்திருக்கிற பொருள். அப்படியென்றால் அவசரமே இல்லை, முதல் அறுவடை முடிந்தபின் போகலாம். ஆனால் ஒரு சந்தேகம். லாரியிலிருந்து அந்தப் பட்டையை எப்படிக் கழற்றுவது? நட்டெல்லாம் இறுகியிருக்கும், கிரைண்டருக்கு மின்சாரம் கிடையாது.

துருத்தி:
பட்டையை அறுக்கப் பார்க்காதீர்கள், பிளேடு மழுங்கிவிடும். அதைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டை ஹேக்ஸா பிளேடால் அறுங்கள், அரைநாள் ஆகும். அதற்கு முன் சேஸிக்கு, அதாவது லாரியின் அடிச்சட்டத்துக்கு, அடியில் கட்டை கொடுத்து, பாரம் பட்டைமேல் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கால் நசுங்கும்.

காயலான்:
ஹேக்ஸா பிளேடு அப்போது எங்கே கிடைக்குமாம்? இடிபாட்டில்தான்.

தோட்டக்காரன்:
வேண்டாம், இப்போதே பத்து வாங்கி விதைப் பையில் போட்டுவிடுகிறேன்.