தலைக்கு 2,900 ரூபாய், 11 பரிசோதனை: ஊருக்குள் லேப் வருவது நல்லதா?

படுவான்கரை வேளாண்மைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆள், வயது 44, மூன்று ஏக்கர் வயல். எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு இந்த வருடம் என்னைச் செயலாளராகப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். போன கிழமை டவுனில் இருந்து ஒரு தனியார் லேப் ஆள் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல்தேவைக் கட்டடத்துக்கே வந்து இரத்தம் எடுப்பார்களாம். வெறும் வயிற்றுச் சுகர், கொலஸ்ட்ரோல், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், ஈரல், தைரொயிட், யூரிக் அமிலம், ஈ.எஸ்.ஆர். (இரத்தச் சிவப்பணு படியும் வேகம்), விற்றமின் டி என்று மொத்தம் 11. தலைக்கு 2,900 ரூபாய். 60 பேர் சேர்ந்தால் 2,500க்கு இறக்கித் தருவாராம். பாதியைச் சங்கக் காசில் போடலாம் என்கிறார் தலைவர்.

நான் கேட்பதற்குக் காரணம் என் அப்பா. வரம்பில் முள் குத்தின புண் இரண்டு மாதம் ஆறவில்லை. மஞ்சள் வைத்தோம், எண்ணெய் வைத்தோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று சுகர் 340. மறுகா பெருவிரலை எடுத்தார்கள். 61 வயது வரைக்கும் அந்த மனிசன் ஒரு தடவைகூட இரத்தம் பார்த்ததில்லை.

ஆகவே பார்க்க வேணும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வெட்டு முடியும் வரைக்கும் கையில் காசு நிற்காத சனம். இந்த 11ம் வேணுமா? மலிவாகச் செய்ய வேறு வழி இருக்கிறதா?

காத்தான்குடிக் கடைக்காரன்:

தம்பி, சங்கக் காசில் ஒரு சுகர் மெசின் வாங்கிப் போடுங்கள், வேலை முடிந்தது. எங்கள் வீட்டில் உம்மாவுக்கு அப்படித்தான் பார்க்கிறோம். மெசின் பெரிய விலையில்லை, ஸ்ட்ரிப்தான் காசைத் தின்னும். டப்பாவைத் திறந்தால் உடனே மூடவேண்டும், ஈரம் பட்டால் பிழையான எண் காட்டும். நம்மட ஊர்ப் புழுக்கத்தில் இது முக்கியம்.

பழைய எம்.எல்.டி. அக்கா:

கல்முனைப் பக்கம். அரச ஆஸ்பத்திரி லேப்களில் 31 வருடம் நின்றுவிட்டு ஓய்வெடுத்தவள், ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடைக்கார நானாவுக்கு: வீட்டில் ஒருவருக்கு மெசின் நல்லது. ஊருக்குப் பொதுவாக வைத்தால் குத்துகிற ஊசி ஆளுக்கு ஆள் புதிதாக இருக்க வேண்டும். பேனா போன்ற அந்தக் குத்தியையும் பலருக்குப் பாவிக்கக் கூடாது. மஞ்சட்காமாலை பி அப்படித்தான் பரவும். மெசின் எண் லேப் எண்ணில் இருந்து நூற்றுக்குப் பதினைந்து அங்கே இங்கே விலகலாம். சீனி வருத்தம் உள்ளவர் தன்னைக் கவனிக்க அது போதும். புதிதாக ஒருவருக்கு வருத்தம் என்று சொல்ல லேப் ரிப்போட் வேண்டும்.

இப்போது தம்பியின் 11. ஒரு பரிசோதனையின் ‘சரியான அளவு’ என்பது, சுகமாக உள்ள 100 பேரில் 95 பேர் எந்த எல்லைக்குள் நிற்கிறார்களோ அந்த எல்லை. மற்ற ஐந்து பேரும் சுகமானவர்கள்தான், எல்லைக்கு வெளியே நிற்கிறார்கள், அவ்வளவுதான். 11 பரிசோதனையை ஒன்றாகச் செய்தால், நோயே இல்லாத பத்துப் பேரில் நாலு பேருக்காவது ஏதோ ஒன்றில் சிவப்புக் குறி விழும் என்று கணக்குச் சொல்கிறது. அந்த நாலு பேரும் பயந்து ஸ்பெசலிஸ்ட் தேடி ஓடுவார்கள். ஈ.எஸ்.ஆர். கூடியிருக்கிறது என்று அழுதுகொண்டு வந்த பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? சளித் தடிமன் வந்தாலே கூடும் அது. அறிகுறி இல்லாதவருக்கு அதுவும் விற்றமின் டியும் தேவையில்லை.

நாற்பது தாண்டியவருக்கு நான் கேட்பது பிரசர், வெறும் வயிற்றுச் சுகர், கொலஸ்ட்ரோல், இடுப்புச் சுற்றளவு. பிரசரும் இடுப்பும் இரத்தமே இல்லை, காசும் இல்லை. சீனியோ பிரசரோ உள்ளவருக்குக் கிரியேட்டினினோடு சலத்தில் (சிறுநீரில்) அல்புமின் என்ற புரதமும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் ஏறும்போது சிறுநீரகம் பாதி போயிருக்கும், சலம் அதற்கு முதலே காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது அந்த லேப் ஆளிடம் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி. இரத்தத்தை எந்தக் குழாயில் எடுப்பீர்கள், எத்தனை மணிக்கு லேப்புக்குப் போய்ச் சேரும்? குழாய்க்குள் போன பிறகும் இரத்தம் உயிரோடுதான் இருக்கிறது, குளுக்கோசைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில் வெளியே வைத்தால் மணிக்கு நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு குறையும். வெக்கை கூடினால் இன்னும் கூட. காலை 7 மணிக்கு எடுத்து, 60 பேர் முடிந்து, லேப்பின் வான் வண்டியில் ஏறிப் பகல் 12க்குப் போனால் 135 இருந்தவருக்கு 100 என்று வரலாம். சுகம் என்று சந்தோசமாகப் போய்ப் பால் ரீ குடிப்பார். சுகருக்குச் சாம்பல் மூடிக் குழாய், புளோரைட் போட்டது; இரத்தம் குளுக்கோசைத் தின்பதை அது மட்டுப்படுத்தும். ஒரு கம்பெனி முகாமில் எல்லாவற்றையும் சாதாரணச் சிவப்பு மூடிக் குழாயிலேயே எடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். சொன்னேன், சிரித்தார்கள்.

வந்த எண்ணை இப்படிப் பாருங்கள்: வெறும் வயிற்றில் 100க்குக் கீழே சரி. 100 முதல் 125 எல்லைக்கோடு. 126ம் அதற்கு மேலும் வந்தால் இன்னொரு நாள் திரும்பப் பார்த்துத்தான் முடிவு. சில லேப் வேறு அலகில் 7 என்று தரும், பயப்படாமல் 18ஆல் பெருக்குங்கள். எச்.பி.ஏ.1.சி. என்ற இன்னொரு இரத்தப் பரிசோதனை மூன்று மாதச் சுகர்க் கதை சொல்லும், பட்டினி வேண்டாம், 6.5 வந்தால் சீனி வருத்தம். ஆனால் இரத்தச் சோகை, தலசீமியா என்ற பரம்பரை இரத்த வருத்தம் உள்ளவருக்கு அது பிழைக்கும்.

திருக்கோவில் வாத்தியார்:

காசே இல்லாத வழியை ஒருவரும் சொல்லவில்லையே. அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் 2011ல் தொடங்கியவை. 35 வயதுக்கு மேற்பட்டவர் நோய் ஒன்றும் இல்லாமலே போகலாம். உயரம், நிறை, பிரசர், சுகர் பார்ப்பார்கள். வயது, புகைத்தல் எல்லாவற்றையும் ஒரு அட்டவணையில் வைத்து, பத்து வருடத்துக்குள் மாரடைப்போ பாரிசவாதமோ வரக்கூடிய ஆபத்து எவ்வளவு என்று சொல்வார்கள். நான் 47 வயதில் போனேன். அரை நாள் போனது உண்மை, நம்பர் எடுத்துக் குந்தியிருக்க வேணும். அங்கே ஆம்பிளையள் நானும் இன்னொருவரும்தான், மிச்சம் எல்லாம் பெண்கள்.

செயலாளர் என்றால் சங்கக் கடிதத் தலைப்பில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுதுங்கள். ஊருக்கு வந்து பார்ப்பதும் உண்டு. அக்கா சொன்ன குழாய்ப் பிரச்சினை எனக்கு இப்போதுதான் தெரியும்.

படுவான்கரை வேளாண்மைக்காரன்:

அக்காவுக்கும் வாத்தியாருக்கும் பெரிய உபகாரம். லேப் ஆளுக்குப் போன் எடுத்துக் குழாய்க் கேள்வியைக் கேட்டேன். ‘அதெல்லாம் எங்கட ஆக்கள் பார்ப்பாங்க’ என்றார். எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்றேன், ‘பின்னேரத்துக்குள்ள’ என்றார். அப்புறம் நான் பேச்சை வளர்க்கவில்லை.

பணிமனைக்குக் கடிதம் கொடுத்தாயிற்று. மிட்வைஃப் மிஸ்ஸி எங்கள் ஊர்ப் பிள்ளைதான், 35க்கு மேற்பட்டவர்களின் பெயரை எழுதித் தரச் சொன்னார். இதுவரை 48 பேர். சங்கக் காசை எடுக்கவில்லை. சுகர் கூடியவர்களைத் திரும்பப் பார்க்கவும் கிளினிக் போக ஓட்டோவுக்கும் அதை வைப்போம் என்று நேற்றிரவு கூட்டத்தில் முடிவு. தலைவருக்கு முகம் கொஞ்சம் சுருங்கினது, 11 பரிசோதனை என்று ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

ஒரு சின்னச் சந்தேகம் அக்கா. கிழவர்மார் கேட்கிறார்கள்: வெறும் வயிறு என்றால் வெற்றிலையும் கூடாதா? விடிய எழும்பினால் முதல் வேலை அதுதான்.

பழைய எம்.எல்.டி. அக்கா:

கூடாது தம்பி. வெற்றிலை, சுருட்டு, சீனி போடாத பிளேன்டீ, ஒன்றும் கூடாது. இரவு 9 மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் காலை 7க்குச் சரி. பச்சைத் தண்ணீர் எவ்வளவும் குடிக்கலாம், குடித்தால் நரம்பு பிடிக்கவும் லேசு. வெற்றிலைப் பையை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். இரத்தம் கொடுத்த கையோடு வாயில் போடட்டும், வாசலில் துப்பாமல் இருந்தால் சரி.